உறுப்பினர்களுக்கு மட்டும்! யாருக்குப் பயந்து இந்த இரண்டு சொற்கள்?



உங்கள் வீட்டுப் பரணில் பழைய கட்சி ஏடு ஏதாவது கிடந்தால் எடுத்துத் தூசு தட்டிப் பாருங்கள். ஜனநாயக செயல் கட்சியின் 'ராக்கெட்', பாஸ் கட்சியின் 'ஹராக்கா', கெஅடிலான் கட்சியின் 'சுவாரா கெஅடிலான்', எதுவாக இருந்தாலும் சரி. தலைவர் படத்தையும் கொட்டை எழுத்துத் தலைப்பையும் விட்டுவிடுங்கள். இந்த ஏடுகளை எந்த நிபந்தனையின் கீழ் விற்க அனுமதித்தார்கள் தெரியுமா? 'உந்தோக் அஹ்லி சஹாஜா.' உறுப்பினர்களுக்கு மட்டும்!

ஏதோ சங்கத்துக்குள் சுற்றும் சுற்றறிக்கை, வெளியாருக்கு இதில் என்ன வேலை என்றுதான் பலரும் நினைப்பார்கள். அது தவறு. கட்சி தானாக விரும்பிப் போட்டுக்கொண்ட வேலி அல்ல அது. அரசாங்கம் போட்ட பூட்டு. அந்தப் பூட்டின் கதைதான் இந்நாட்டின் எதிர்க்கட்சி ஏடுகளின் கதை. நமக்கு என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கடைசிவரை படியுங்கள். சம்பந்தம் இருக்கிறது.

1999இல் நான் சட்டக் கல்லூரி மாணவன். அன்வார் வழக்கு நடந்துகொண்டிருந்த காலம். நாளேடுகளில் ஒரு பக்கச் செய்திதான் வரும். மறுபக்கம் தெரிய வேண்டுமானால் 'ஹராக்கா' வாங்க வேண்டும். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஒரு தமிழ்ப் பேப்பர்க்காரர் இருந்தார். "தம்பி, நீ மெம்பரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "யாராச்சும் கேட்டா மெம்பர்னு சொல்லிடு" என்று, ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குள் அதை மடித்து வைத்துக் கொடுத்தார். தமிழ்ப் பத்திரிகைக்குள் ஒளிந்த மலாய் ஏடு! சட்டம் படிக்கும் எனக்கு அன்றைக்கு அந்தப் பேப்பர்க்காரர் நடத்திய பாடம் எந்த விரிவுரையிலும் கிடைக்கவில்லை. ஒரு நாட்டில் செய்தி வாங்குவதற்கே பொய் சொல்ல வேண்டியிருந்தால், குற்றம் வாங்குபவனிடமா, சட்டத்திடமா?

பூட்டு செய்யப்பட்ட பட்டறை

1948இல் வெள்ளைக்காரன் அவசரகாலத்தை அறிவித்தான். அதே ஆண்டில் அச்சு இயந்திரங்களுக்கு உரிமம் கட்டாயம் என்ற சட்டமும் வந்தது. வெள்ளைக்காரன் போனான். சட்டம் போகவில்லை. 1984இல் அதற்குப் புதுச் சட்டை போட்டு, 'அச்சு இயந்திரங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டம்' என்று பெயர் வைத்தார்கள்.

அந்தச் சட்டம் சொன்னது இதுதான். அச்சு இயந்திரம் வைத்திருக்க உரிமம் வேண்டும். பத்திரிகை நடத்தத் தனியே பெர்மிட் வேண்டும். பெர்மிட்டை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் உள்துறை அமைச்சரின் முழு விருப்பம். பெர்மிட் இல்லாமல் பத்திரிகை அச்சிட்டால் மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது 20,000 வெள்ளிவரை அபராதம், அல்லது இரண்டும்.

அதுவும் போதவில்லை. 1987 அக்டோபரில் ஓப்ஸ் லாலாங். 106 பேர் இசா சட்டத்தின் கீழ் உள்ளே போனார்கள். லிம் கிட் சியாங், கர்ப்பால் சிங், நம்மவர்கள் பி. பட்டு, வி. டேவிட் எல்லாரும் அதில் உண்டு. 'ஸ்டார்', 'சின் சியூ ஜிட் போ', 'வத்தான்' ஆகிய மூன்று பத்திரிகைகள் மூடப்பட்டன. அந்தச் சூடு ஆறுவதற்குள் 1984 சட்டத்தைத் திருத்தினார்கள். அமைச்சரின் முடிவே இறுதி முடிவு, எந்த நீதிமன்றத்திலும் எந்தக் காரணத்தைக் கொண்டும் கேள்வி கேட்க முடியாது என்று எழுதினார்கள். உன் பெர்மிட்டை ஏன் பறிக்கிறோம் என்று உன்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க வேண்டிய கடமையும் அமைச்சருக்கு இல்லை என்று எழுதினார்கள்.

ஒரு வழக்கறிஞனாகச் சொல்கிறேன். இரு தரப்பையும் கேட்ட பிறகே தீர்ப்பு என்பது சட்டத்தின் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடியையே கிழித்துப் போட்ட சட்டம் அது. அந்தச் சட்டத்தின் கீழ்தான் எதிர்க்கட்சிகள் தங்கள் ஏட்டை நடத்தின. ஒவ்வோர் ஆண்டும் அமைச்சரின் வாசலில் போய் நிற்க வேண்டும். போன ஆண்டு அவரைத் திட்டி எழுதியவன் இந்த ஆண்டு அவரிடமே பெர்மிட் கேட்க வேண்டும்!

ராக்கெட்: ஓர் உரை, ஒரு வழக்கு, ஒரு நாடாளுமன்ற இடம்

ஜனநாயக செயல் கட்சி 1966 மார்ச்சில் பதிவானது. சிங்கப்பூர் பிரிந்துபோன பிறகு இங்கே தங்கிவிட்டவர்கள் தொடங்கிய கட்சி. அதன் தொடக்ககாலத் தலைமைச் செயலாளர் சி.வி. தேவன் நாயர், பங்சார் நாடாளுமன்ற உறுப்பினர், தொழிற்சங்கவாதி. அதே 1966இல் கட்சியின் ஏடான 'ராக்கெட்' பிறந்தது. சொந்த நாளேடு இல்லாத கட்சிக்கு அதுதான் வாய்.

1970களின் தொடக்கத்தில் அந்த வாய்க்கு என்ன நேர்ந்தது? பினாங்கு ஜசெகவின் டாக்டர் ஊய் கீ சைக் ஓர் உரை ஆற்றினார். கூட்டணி அரசின் இனவாரிக் கொள்கையைக் கண்டித்த உரை. 'ராக்கெட்' அதை வெளியிட்டது. ஏட்டின் ஆசிரியர் ஃபான் யூ தெங், நாடாளுமன்ற உறுப்பினர். பேசியவர் மீது நிந்தனை வழக்கு. வெளியிட்ட ஆசிரியர் மீதும் நிந்தனை வழக்கு. 1971இல் நீதிபதி ராஜா அஸ்லான் ஷா வழங்கிய அந்தத் தீர்ப்பை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். நானும் படித்தேன். அரசைக் கண்டிக்க உரிமை உண்டு, ஆனால் எல்லை தாண்டினால் நிந்தனை என்ற கோடு எங்கே கிழிக்கப்படுகிறது என்று பார்க்க அந்தத் தீர்ப்பைத்தான் புரட்டுகிறோம்.

வழக்கு இழுத்தடித்தது. கடைசியில் 1975இல் ஃபான் யூ தெங்குக்கு 2,000 வெள்ளி அபராதம். இந்தத் தொகையைக் கவனியுங்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 48ஆவது பிரிவின்படி 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம் விதிக்கப்பட்டால் நாடாளுமன்றப் பதவி போய்விடும். 1,999 வெள்ளி என்றால் பதவி இருந்திருக்கும். 2,000 என்றதால் போயிற்று! மக்கள் வாக்குப் போட்டுக் கொடுத்த இடத்தை, கட்சி ஏட்டில் வந்த ஓர் உரை பறித்துக்கொண்டது.

அவர் எழுதியது கூட இல்லை. வேறொருவர் பேசியதை அச்சிட்டார். அவ்வளவுதான்.

வெளியே விற்கும் நாளேட்டுக்குப் பின்னால் பணக்கார முதலாளி இருப்பான், வழக்கறிஞர் படை இருக்கும். கட்சி ஏட்டுக்குப் பின்னால் யார்? சந்தா கொடுக்கும் தொண்டன். விளம்பரம் கொடுக்கவும் வியாபாரிகள் பயப்படுவார்கள். அப்படிப்பட்ட ஏட்டைத்தான் நாட்டின் முழுச் சட்ட பலமும் திரண்டு வந்து அடித்தது. ஏன்? அந்த மெலிந்த ஏட்டில் உண்மை இருந்தது என்பதைத் தவிர வேறு என்ன காரணம்?

ஹராக்கா: மாதம் எட்டு, பிறகு மாதம் இரண்டு

'ஹராக்கா' 1987இல் தொடங்கியது. பாஸ் கட்சியின் கொள்கை நம் கொள்கை அல்ல. இஸ்லாமிய நாடு என்ற அவர்கள் முழக்கத்தை நாம் ஏற்கவில்லை, ஏற்கப் போவதும் இல்லை. ஆனால் நமக்குப் பிடிக்காதவனின் வாயைக் கட்டும்போது நாம் சும்மா இருந்தால், நம் வாயைக் கட்டும்போது யார் கேட்பார்கள்?

1998 செப்டம்பரில் அன்வார் துணைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதன் பிறகு 'ஹராக்கா'வின் விற்பனை மூன்று லட்சம் பிரதிகளைத் தாண்டியது. வாரம் இருமுறை வெளிவந்த கட்சி ஏடு நாளேடுகளுக்கே சவாலாக நின்றது. வாங்கியவர்கள் எல்லாரும் பாஸ் உறுப்பினர்களா? என்னைப் போன்றவர்களும்தான் வாங்கினோம். 1999 நவம்பர் பொதுத்தேர்தலில் திரெங்கானு மாநில ஆட்சி பாஸ் வசம் போனது.

உடனே என்ன நடந்தது? வரிசையாகப் பாருங்கள்.

ஒன்று: கடைகளில் சோதனை. உறுப்பினர் அல்லாதவருக்கு விற்கிறாய் என்று பிரதிகள் பறிமுதல்.

இரண்டு: 2000 ஜனவரியில் ஆசிரியர் சூல்கிப்லி சுலோங் மீது நிந்தனை வழக்கு. அவரோடு ஏட்டை அச்சிட்ட சியா லிம் தை மீதும் வழக்கு. அன்வார் வழக்கு பற்றி வந்த கட்டுரைதான் காரணம். அச்சகக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4,000 வெள்ளி அபராதம் கட்டினார். ஆசிரியர் 2003இல் 5,000 வெள்ளி கட்டினார்.

மூன்று: 2000 மார்ச்சில் பெர்மிட் புதுப்பிக்கப்பட்டது. எப்படி? வாரம் இருமுறை வந்த ஏடு இனி மாதம் இருமுறைதான் வரலாம்! உறுப்பினர்களுக்கு மட்டும்தான் விற்கலாம்!

மாதம் எட்டு இதழ் இரண்டாகச் சுருங்கியது. தடை என்று சொல்லவில்லை பாருங்கள். தடை என்றால் உலகம் கேள்வி கேட்கும். நிபந்தனை என்றால் யார் கேட்பார்கள்? மூச்சை நிறுத்தவில்லை, எண்ணி மூச்சு விடு என்றார்கள்.

அச்சகக்காரரின் வழக்கை நாம் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. அவர் கட்சிக்காரர் அல்ல. காசு வாங்கிக்கொண்டு மை தடவியவர். அவரைக் கூண்டில் ஏற்றியதன் நோக்கம் என்ன? மற்ற அச்சகக்காரர்கள் பார்க்க வேண்டும் என்பதுதான். எழுத ஆள் இருப்பான், படிக்க ஆள் இருப்பான், அச்சடிக்க ஆள் இருக்க மாட்டான். நாட்டில் ஓர் இயக்கத்தை அழிக்க இதைவிட மலிவான வழி உண்டா? நம் அமைப்புகளுக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. துண்டறிக்கையை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனால், படித்துப் பார்த்துவிட்டு "மெஷின் ரிப்பேர்ங்க" என்று திருப்பிக் கொடுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். மெஷினில் கோளாறு இல்லை. பயம்தான் கோளாறு.

புக்கிட் செலம்பாவ், 2009

இனி நம் வாசலுக்கு வருவோம்.

2007 நவம்பர் 25இல் நாம் தெருவுக்கு வந்தோம். டிசம்பர் 13இல் இண்ட்ராப் தலைவர்கள் ஐவர் கமுந்திங் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 2008 மார்ச் தேர்தலில் ஐந்து மாநிலங்கள் எதிர்க்கட்சிகள் கைக்கு வந்தன. அக்டோபரில் இண்ட்ராப் தடை செய்யப்பட்டது.

2009 ஏப்ரல் 7இல் மூன்று இடைத்தேர்தல்கள். அதில் ஒன்று கெடாவின் புக்கிட் செலம்பாவ். இந்திய வாக்காளர்கள் கணிசமாக உள்ள சட்டமன்றத் தொகுதி. மஇகா ஒரு பக்கம், கெஅடிலான் ஒரு பக்கம், சுயேச்சைகள் வேறு. மொத்தம் 15 வேட்பாளர்கள்! நம் வாக்கு யாருக்கு என்று நாடே பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

வாக்களிப்புக்கு இரண்டே வாரம் இருக்கும்போது, மார்ச் 23ஆம் தேதி, 'ஹராக்கா', 'சுவாரா கெஅடிலான்' இரண்டுக்கும் மூன்று மாதத் தடை. மூன்று மாதம்! தேர்தலுக்கு முந்திய இரண்டு வாரம் போதாதா என்ன? எதிர்க்கட்சி வேட்பாளர்கள் தங்கள் ஏடு இல்லாமல் பிரச்சாரம் செய்ய, எதிரணிக்கு நாளேடுகளும் வானொலியும் தொலைக்காட்சியும் இருந்தன. ஒருவன் கையைக் கட்டிவிட்டு வா சண்டைக்கு என்பது வீரமா?

ஏப்ரல் 3இல் நஜிப் பிரதமரானார். அன்று மாலையே இரண்டு அறிவிப்புகள். இரு கட்சி ஏடுகளின் தடை நீக்கம். இசா கைதிகள் 13 பேர் விடுதலை, அவர்களில் இண்ட்ராப் தலைவர்கள் இருவர், கணபதிராவும் கெங்காதரனும்.

இரண்டும் ஒரே உரையில் வந்தன என்பதைக் கவனித்தீர்களா? காகிதத்தைச் சிறைப்பிடிப்பதும் மனிதனைச் சிறைப்பிடிப்பதும் ஒரே கை செய்யும் வேலை. திறந்துவிடும்போது இரண்டையும் ஒரே சாவியால்தான் திறந்தார்கள். வாக்காளர்கள் இந்தப் பெருந்தன்மையில் மயங்கவில்லை. புக்கிட் செலம்பாவில் கெஅடிலான் வேட்பாளர் வென்றார்.

அடுத்த ஆண்டே பழைய கதை. 2010இல் 'சுவாரா கெஅடிலான்' பெல்டாவின் பண நிலைமை பற்றி எழுதியது. பெர்மிட் ஜூன் கடைசியோடு முடிந்தது. புதுப்பிக்கவில்லை. பெல்டாவுக்கு மறுப்பு எழுத வழியில்லையா? அவதூறு வழக்குப் போட நீதிமன்றம் இல்லையா? எல்லாம் இருந்தன. ஆனால் பெர்மிட் என்ற கத்தி கையில் இருக்கும்போது யார் பேனாவைத் தேடுவார்கள்?

அவர்களுக்கு ஏன் கட்சி ஏடு தேவைப்படவில்லை?

'அம்னோ, மசீச, மஇகா ஏடுகளுக்கு இப்படி நடந்ததா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அவர்களுக்கு 'உறுப்பினர்களுக்கு மட்டும்' ஏடு எதற்கு? முழு நாளேடுகளே அவர்கள் வசம் இருந்தனவே!

1961இல் 'உத்துசான் மெலாயு'வை அம்னோ தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. சைட் சஹாரி தலைமையில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து பார்த்தார்கள், தோற்றார்கள். 'ஸ்டார்' மசீச கைக்குப் போனது. 2001இல் 'நன்யாங் சியாங் பாவ்' பத்திரிகையையும் மசீசவின் நிறுவனம் வாங்கியது. சீன சமூகமே கொதித்து எழுந்தது. நம் பக்கம் 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்', மஇகாவின் நீண்டகாலத் தலைவரின் குடும்பத்தின் வசம் இருந்தது. 2019இல் அது மூடப்பட்டது. 95 வயது ஏடு!

ஆக, ஆளும் கட்சியின் ஏடு காலையில் உங்கள் வாசலில் வந்து விழும். அதற்கு 'பத்திரிகை' என்று பெயர். எதிர்க்கட்சியின் ஏடு தமிழ்ப் பத்திரிகைக்குள் மடித்து ரகசியமாக வரும். அதற்குக் 'கட்சிப் பிரச்சாரம்' என்று பெயர். இதுதான் அவர்கள் சொன்ன பத்திரிகை சுதந்திரம்.

பாலத்துக்கு அப்பால்: ஒரு தமிழ்க் கட்டுரையின் விலை

ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் பூட்டு வேறு மாதிரி. சிங்கப்பூர்ப் பாட்டாளிக் கட்சியின் ஏடு 'ஹேமர்'. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சந்தைகளிலும் உணவங்காடிகளிலும் கட்சிக்காரர்களே கையில் வைத்துக்கொண்டு விற்பார்கள். யாரும் வாங்கலாம். அப்பாடா, சுதந்திரம் என்று நினைக்கிறீர்களா? பொறுங்கள்.

1995இல் 'ஹேமர்' ஏட்டில் ஒரு தமிழ்க் கட்டுரை வந்தது. அவ்வாண்டு நடந்த தமிழ்மொழி வாரத்தை ஏற்பாடு செய்தவர்களைக் குறைகூறிய கட்டுரை. அவர்கள் அவதூறு வழக்குப் போட்டார்கள். எழுதியவர், கட்சி, ஏட்டின் ஆசிரியரும் கட்சியின் தலைமைச் செயலாளருமான ஜெ.பி. ஜெயரத்தினம், எல்லாரும் பிரதிவாதிகள். நீதிமன்றம் இரண்டு லட்சம் சிங்கப்பூர் வெள்ளிக்கும் மேல் இழப்பீடு விதித்தது.

ஜெயரத்தினம் யார்? யாழ்ப்பாணத்தில் பிறந்து நம் ஜொகூரில் வளர்ந்தவர். 1981இல் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று, சுதந்திர சிங்கப்பூரின் தேர்தல்களில் வென்ற முதல் எதிர்க்கட்சி உறுப்பினராக நாடாளுமன்றத்தில் நுழைந்தவர். இழப்பீட்டைத் தவணையில் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு தவணை பிந்தியது. 2001இல் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டார். நாடாளுமன்ற இடம் போனது. வழக்கறிஞர் தொழில் செய்ய முடியாது. தேர்தலில் நிற்க முடியாது. 75 வயதில் தெருவோரம் நின்று தான் எழுதிய புத்தகங்களை விற்றார் அந்த மனிதர். 2007இல்தான் திவால் நிலையிலிருந்து மீண்டார். 2008 செப்டம்பர் 30இல் காலமானார்.

அவதூறு சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொய் எழுதி ஒருவர் பெயரைக் கெடுத்தால் அவருக்குப் பரிகாரம் வேண்டும். ஆனால் பரிகாரம் வேறு, பழி வேறு. ஒரு கட்சி ஏட்டின் தமிழ்ப் பக்கத்தில் வந்த ஒரு கட்டுரைக்காக ஒரு கட்சியின் தலைமையே சாயும் என்றால், அடுத்த இதழில் தமிழ்ப் பக்கத்தை யார் எழுதுவார்? எந்த ஆசிரியர் துணிந்து போடுவார்? தமிழ்மொழியை வளர்க்கும் வாரம் பற்றித் தமிழில் விவாதித்ததற்கு வந்த விலை அது! அங்கே பெர்மிட்டில் போடும் பூட்டை இழப்பீட்டுத் தொகையில் போட்டார்கள். பூட்டு வேறு, கதவு ஒன்றுதான்.

இப்போது சாவி யார் கையில்?

இனிதான் கசப்பான பகுதி. நம் நண்பர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

2012இல் 1984 சட்டம் திருத்தப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதில்லை. அமைச்சரின் முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். விளக்கம் சொல்லவும் வாய்ப்பு உண்டு. 2013இல் 'மலேசியாகினி' வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பத்திரிகை நடத்துவது சலுகை அல்ல, உரிமை என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை நிலைநிறுத்தியது. இவை முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெர்மிட் என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது. சங்கிலியை நீளமாக்கினார்கள், கழற்றவில்லை.

2018 தேர்தல் அறிக்கையில் பக்காத்தான் ஹராப்பான் என்ன எழுதியது? கொடுங்கோல் சட்டங்களை ஒழிப்போம் என்று பட்டியலே போட்டது. நிந்தனைச் சட்டமும் இந்த 1984 சட்டமும் அந்தப் பட்டியலில் இருந்தன. 22 மாதம் ஆண்டார்கள். இரண்டு சட்டமும் இருந்தன. 2022 நவம்பரில் அன்வார் பிரதமரானார். டிசம்பரில் உள்துறை அமைச்சர் பொறுப்புக்கு வந்தவர் கெஅடிலான் கட்சியின் தலைமைச் செயலாளர். நினைத்துப் பாருங்கள்! எந்த நாற்காலியில் உட்கார்ந்து 'சுவாரா கெஅடிலான்' ஏட்டின் கழுத்தை நெரித்தார்களோ, அதே நாற்காலியில் 'சுவாரா கெஅடிலான்' கட்சிக்காரர்! 'ராக்கெட்' நடத்திய கட்சி அமைச்சரவையில்!

சட்டம் போயிற்றா? 2023இல் அதே சட்டத்தைக் கொண்டு வானவில் நிறக் கைக்கடிகாரங்களைத் தடை செய்தார்கள். அச்சு இயந்திரச் சட்டம் கடிகாரக் கடைக்குள் நுழைந்துவிட்டது. 2025இல் ஊடக மன்றச் சட்டம் வந்தது, நல்லது. ஆனால் 1984 சட்டத்தை ஒழிக்கவில்லை. ஃபான் யூ தெங்கின் பதவியைப் பறித்த நிந்தனைச் சட்டத்தையும் ஒழிக்கவில்லை.

'இணையம் வந்துவிட்டது, இனி காகிதத்துக்கு யார் பெர்மிட் கேட்பார்கள்' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இணையத்துக்கு 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு இருக்கிறது. 2025 ஜனவரி முதல் பெரிய சமூக ஊடக நிறுவனங்களுக்கும் உரிமம் என்றார்கள். காகிதத்தில் பழகிய கை திரைக்கு மாறியிருக்கிறது. 'முதலில் என்னிடம் அனுமதி கேள், பிறகு பேசு' என்ற புத்தி மட்டும் 1948இல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நம் பங்கு என்ன?

எல்லாப் பழியையும் அரசாங்கத்தின் மேல் போட்டுவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. நம்மைப் பார்த்தும் சில கேள்விகள்.

நீங்கள் ஒரு கட்சியின் உறுப்பினரா? அந்தக் கட்சியின் ஏடு கடைசியாக எப்போது உங்கள் கைக்கு வந்தது? அதில் தமிழ்ப் பக்கம் இருந்ததா? இருந்தது என்றால் அதில் என்ன இருந்தது? தலைவர் ரிப்பன் வெட்டிய படமா? உங்கள் தோட்டத்து வீட்டுப் பிரச்சினையா? அடையாள அட்டை இல்லாத பிள்ளையின் கதையா? போலீஸ் லாக்கப்பில் மாண்டவனின் குடும்பம் கேட்ட நியாயமா?

எதிர்க்கட்சியாக இருந்தபோது நம் கண்ணீர் அவர்களுக்கு முதல் பக்கச் செய்தி. அமைச்சர்களான பிறகு நம் கண்ணீர் என்ன ஆயிற்று? கட்சி ஏடு என்பது தலைவர் தொண்டனுக்குப் பேசும் குழாய் மட்டுமல்ல. தொண்டன் தலைவரைக் கேட்கும் குழாயும் அதுதான். ஒரு முனையை அரசாங்கம் அடைத்தது. மறு முனையைக் கட்சிகளே அடைத்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

தீபாவளிக்கு ஒரு மூட்டை அரிசி, நாட்காட்டியில் தலைவர் படம், இவற்றை வாங்கிக்கொண்டு நாம் வாயை மூடிக்கொள்கிறோம். உறுப்பினர் அட்டை வைத்திருப்பவன் கேட்க வேண்டிய முதல் பொருள் அரிசி அல்ல. கணக்கு! கட்சியில் என்ன முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்ற கணக்கு. அதைத் தரத்தான் உறுப்பினர் ஏடு.

ஆகவே நாம் கேட்பது இவை:

முதலாவது, 1984 சட்டத்தின் பெர்மிட் முறையை அடியோடு நீக்குங்கள். திருத்தம் போதாது. நிந்தனைச் சட்டத்தையும் அதோடு அனுப்புங்கள். நீங்களே 2018இல் எழுதிக் கொடுத்தது, நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை.

இரண்டாவது, தமிழர்களின் வாக்கை வாங்கும் ஒவ்வொரு கட்சியும் தன் உறுப்பினர் ஏட்டைத் தமிழிலும் கொண்டுவர வேண்டும். மொழிபெயர்த்த அறிக்கை வேண்டாம். உறுப்பினர் கடிதமும், அதற்குத் தலைமையின் பதிலும் அதில் வர வேண்டும்.

மூன்றாவது, இது உங்களுக்கு, வாசகர்களே. அடுத்த கிளைக் கூட்டத்தில் எழுந்து நின்று இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், இரண்டு பேர் போதும். கூட்டக் குறிப்பில் ஏறட்டும். எழுத்தில் ஏறியதை மறுப்பது கடினம் என்பது நீதிமன்றத்தில் நான் கற்ற பாடம்.

நான்காவது, பரணில் கிடக்கும் பழைய ஏடுகளைப் பேப்பர்க்காரனிடம் கிலோவுக்குப் போடாதீர்கள். அவை குப்பை அல்ல, சாட்சியங்கள். அவற்றுக்காக ஒருவர் பதவி இழந்தார், ஒருவர் திவாலானார், ஓர் அச்சகக்காரர் கூண்டில் ஏறினார். நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளை 'தாத்தா, அந்தக் காலத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று கேட்டால் எடுத்துக் காட்ட அதுவாவது இருக்கட்டும்.

மஸ்ஜித் இந்தியாவின் அந்தப் பேப்பர்க்காரர் இன்று அங்கே இல்லை. அவர் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே, முன்பின் தெரியாத ஒரு மாணவனுக்குச் செய்தியை மடித்துக் கொடுத்தார். அன்று ஒரு வெள்ளி சில்லறைக்கு வியாபாரம் செய்த அந்த மனிதருக்கு இருந்த துணிவு, இன்று அமைச்சு நாற்காலியில் இருக்கும் நம் நண்பர்களுக்கு வர வேண்டும். வராவிட்டால் வர வைப்பது நம் பொறுப்பு.

'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்றார்கள். சரி. இந்த நாட்டின் உறுப்பினர்கள் நாம் இல்லையா?